கடுகுச் சுவரும் கசப்புக் காப்பியும்

பயமுறுத்தினால் ஒரு சர்வாதிகாரி தன் வீட்டை ஆயுதச் சோதனை போட விடுவானா மாட்டானா என்று அந்த வருஷம் குளிர் தொடங்குமுன் வெளிநாட்டு வானொலிகளில் மெத்தப் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடுவான் என்பார், இன்னொருவர் விடவே மாட்டான் என்பார், நடுவில் கொஞ்சம் சங்கீதம் வைப்பார்கள். ஒலியைக் குறைத்து, போர்வைக்குள் பெட்டியைக் காதோடு ஒட்டவைத்து நானும் கேட்டேன். பாக்தாதில் எங்கள் நாரத்தைச் சந்துக்கு வந்து கேட்டிருந்தால் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் விடை சொல்லி அனுப்பியிருப்போம். அந்தக் காப்பியைக் குடிப்பதா, கீழே வைப்பதா என்பதில்தான் விடையே இருந்தது.

என் மாடிச் சன்னல் எதிர்வீட்டு முற்றத்துக்கு நேராக அமைந்தது கட்டியவன் செய்த பிழை. கண் இருக்கிறது, சன்னல் இருக்கிறது, துணி உலர்த்த வேண்டியும் இருக்கிறது. அதற்குமேல் என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

எதிர்வீடு ஊறுகாய்க்காரர் ஷன்ஷலுடையது. முற்றத்தில் நாரத்தை மரம், மரத்தடியில் மரப்பெஞ்சு, கூடத்திலிருந்து படியிறங்கினால் நிலவறை. கோடை மதியங்களில் குடும்பம் இறங்கிப் படுத்துக்கொள்ளவென்று எங்கள் ஊர் வீடுகளில் தோண்டியது. ஷன்ஷல் வீட்டில் குடும்பத்துக்கு முன்பே அம்பாப் பீப்பாய்கள் இறங்கிப் படுத்துவிடும். அம்பா என்றால் மாங்காய் ஊறுகாய். எந்தக் காலத்திலோ பம்பாயிலிருந்து கப்பலில் வந்து எங்கள் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. அவித்த முட்டையும் பொரித்த கத்தரிக்காயும் ரொட்டிக்குள் திணித்து, மேலே ஷன்ஷலின் அம்பாவை ஊற்றித் தின்ன அமைச்சகங்களிலிருந்துகூடக் கார் அனுப்புவார்கள். கார் வந்து நிற்கிற வீட்டின்மேல் கண் விழாமல் இருக்குமா?

விழுந்த கண் தோழர் தியாபுடையது. எங்கள் வட்டாரத்துக் கட்சிப் பொறுப்பாளர். நாட்டின் தலைவருக்கு இருப்பதுபோலவே மீசை வைத்திருந்தார், ஆனால் ஒரு நூல் சிறிதாக. பெரிதாக வைத்தால் துரோகம், வைக்காமலே விட்டால் அலட்சியம். கிராமத்திலிருந்து சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் என்று ஒரு கூட்டத்தை அழைத்துவந்து காவலுக்கு வைத்திருந்தார். வாயைத் திறந்தால் பரம்பரைப் பெருமைதான்.

அந்த வீட்டை அவர் பிடுங்கிய விதம் இது. ஒருநாள் மதியம் விருந்தாளியாக வந்தார். நாரத்தை மரத்தடியில் உட்கார்ந்தார். ஷன்ஷலின் மனைவி பத்ரியா காப்பி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் முன்னால் தரையில் வைத்துவிட்டு மீசையைத் தடவினார்.

கிராமத்து ஷேக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கோரிக்கையோடு வந்தவன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பான். “குடி, கேட்டது கிடைக்கும்” என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பான். அப்படிச் சொன்ன சொல்லை மீறினவன் அதன்பிறகு தன் ஆட்கள் முகத்தில் விழிக்க முடியாது. கொலைப்பழியையே ஒரு கோப்பைக்காக விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நகரத்துக்காரர்களான எங்களுக்கோ அது பெண் கேட்டு வருகிறவர்களோடு ஆடும் விளையாட்டு, வாய்க்கு வந்துவிடுகிற மரியாதை. மிஞ்சிப்போனால் ஒரு ஜாடி அம்பா கேட்பார் என்று நினைத்தார் ஷன்ஷல்.

“குடிங்க தோழரே, ஆறிடப்போகுது. நீங்க கேட்டது கிடைச்ச மாதிரிதான்” என்றார், பல்லெல்லாம் தெரிய.

தியாப் ஒரே மடக்கில் குடித்தார். “கட்சிக்கு ஒரு கலாசார மையம் தேவைப்படுது, கண்ணு. இந்த வீடு பொருத்தமா இருக்கு.”

ஷன்ஷல் சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

அந்த வாரமே ஷன்ஷலும் பத்ரியாவும் சந்து முனையிலிருந்த ஊறுகாய்க் கடையின் பின்கட்டுக்குக் குடிபோனார்கள். வினிகர் ஜாடிகளுக்கு நடுவே படுக்கை. கலாசார மையத்தில் தியாபும் அவர் மனைவியும் குடியேறி, குளிரூட்டி மாட்டிக் கலாசாரத்தைத் தொடங்கினார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்குள் சந்துக்காரர் யாரும் கால் வைக்கவில்லை. மரம் காய்த்தது, பறிக்க ஆளில்லாமல் முற்றத்திலேயே உதிர்ந்தது.

“உங்க வாயை வித்திருந்தா ஒரு வீடு மிச்சமாகியிருக்கும்” என்று பத்ரியா கணவரிடம் சொன்னாள். பிறகு அவரோடு அதைப் பற்றிப் பேசவில்லை. வாசலோடுதான் பேசினாள். ரொட்டி வாங்கப் போகிறபோதெல்லாம் தன் பழைய வாசலில் நின்று, கையை வானத்துக்கு ஏந்தி, உரக்கச் சொல்வாள்: “இந்த வீட்டுக்கு விருந்தாளி வரட்டும்! நிறைய வரட்டும்!”

காவலுக்கு நின்ற சித்தப்பா பிள்ளை அதை ஆசீர்வாதம் என்று எண்ணி “ஆமீன்” என்பான்.

கடலில் கப்பல்கள் வந்து நின்றன. வானத்தில் விமானங்கள் கோடு போட்டன. அந்த வாரமே சோதனைக்குத் தலைவர் சம்மதித்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது, சொல்லிவிட்டு நடனம் போட்டது. மறுநாள் எங்களையெல்லாம் கலாசார மையத்து வாசலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் வாஸிக் என்று ஒருவர் வந்திருந்தார். எதிர்பாராத விருந்தினர் வரவேற்புக் குழுவின் தலைவர். எதில் டாக்டர் என்று கேட்டவர்கள் யாரும் இப்போது இல்லை.

“நம் தலைவர் யாருடைய மிரட்டலுக்கும் பணிந்து சோதனைக்குச் சம்மதிக்கவில்லை” என்று தொடங்கினார் டாக்டர். “சுயமாக, மனமுவந்து சம்மதித்திருக்கிறார். கப்பல்கள் வந்த வாரமும் மனம் உவந்த வாரமும் ஒன்றாக அமைந்தது வானிலையின் செயல். கப்பல்கள் வராத காலத்தில் மனம் ஏன் உவக்கவில்லை என்று எதிரிகள் கேட்கிறார்கள். அப்போது யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நம்மிடம் மறைக்க ஒன்றுமில்லை. எங்கெங்கே ஒன்றுமில்லை என்பதை நாம் மிகக் கவனமாக முடிவு செய்திருக்கிறோம்.”

நாங்கள் கை தட்டினோம். முதலில் நிறுத்துகிறவர் யார் என்று பார்க்க ஒருவர் ஓரத்தில் நின்றதால் நெடுநேரம் தட்டினோம்.

பிறகு ஒத்திகை. ஞாயிறும் புதனும் காலையில் திடீர்ச் சோதனை நடக்கும், எல்லாரும் தயாராக இருந்து திடுக்கிட வேண்டும். பேக்கரிக்காரரின் வெள்ளை அங்கியும் நீலத் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஒரு சித்தப்பா பிள்ளை சோதனைக்காரனாக வருவான். நாங்கள் கதவைத் திறந்து, திடுக்கிட்டு, சந்தோஷப்பட்டு, “இங்கே ஒன்றுமில்லை, நல்வரவு” என்று சொல்ல வேண்டும்.

“திடுக்கிடறதுல இன்னும் கொஞ்சம் பாசம் வேணும்” என்று தியாப் ஒவ்வொரு வாசலாகத் திருத்திக்கொண்டு போனார். என் சன்னலைப் பார்த்ததும் நின்றார். “உம்மு சினான்! வண்டி வர்றதுக்கு முன்னாடியே சன்னல்ல நிக்கறீங்களே, அப்புறம் எப்படித் திடுக்கிடுவீங்க?”

“நான் எப்பவும் இங்கதான் நிப்பேன் தோழரே. இல்லாம இருந்தாத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வரும்.”

யோசித்துவிட்டு எனக்கு விலக்கு கொடுத்தார்.

கெட்டது ஊறுகாய்க் கடையில்தான். போலிச் சோதனைக்காரன் அங்கே ஒரு பீப்பாயைக் காட்டி, “இதுக்குள்ள என்ன?” என்றான். “ஒன்றுமில்லை, நல்வரவு” என்று ஷன்ஷல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சரக்கைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு உண்மைதான் வரும்.

“அம்பா கண்ணு. மாங்கா, மஞ்சள், வெந்தயம், மிளகா, அப்புறம் கடுகு. நிறைய கடுகு. காரமே அதுலதான்.”

டாக்டர் வாஸிக்கின் முகம் வெளுத்தது. எங்கள் பாஷையில் சமையல் கடுகுக்கும், ஊர் ஊராக மனிதர்களைக் கொன்ற அந்த விஷவாயுவுக்கும் ஒரே பேர்தான்.

“எத்தனை பேருக்கு இது தெரியும்?” என்று மெல்லக் கேட்டார்.

“பாக்தாத் முழுக்கத் தெரியும் ஐயா” என்றார் ஷன்ஷல் பெருமையாக. “ஒருதரம் வாயில வச்சா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.”

டாக்டர் நாற்காலி கேட்டார்.

மாலைக்குள் கடுகுக்கு வேறு பேர் வந்துவிட்டது. இனி அதை ‘குட்டி மஞ்சள் மணி’ என்றுதான் சொல்ல வேண்டும். கடை வாசலில் ஷன்ஷலின் அப்பா காலத்திலிருந்து தொங்கிய ‘கடுகு அம்பா’ பலகையில் கடுகின்மேல் தார் பூசினார்கள். அம்பா என்பது மட்டும் மிஞ்சியது. பிறகு பீப்பாய்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

“ஆத்துல கொட்டிடலாமா?” என்றார் தியாப்.

“கொட்டினால் ஏன் கொட்டினாய் என்பார்கள். கொட்டினதற்கு அத்தாட்சி கேட்பார்கள். அத்தாட்சி கொடுத்தால் அதற்கு முன்னால் இருந்ததா என்பார்கள்.” டாக்டருக்கு இதில் நீண்ட அனுபவம் இருந்தது. “குற்றமற்ற பொருளைக் காப்பாற்ற ஒரே வழி அதை ஒளித்துவைப்பது.”

ஆகவே கடையிலிருந்த பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டுபோய், ஷன்ஷலின் பழைய நிலவறையில் ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்த்தார்கள், இடம் போதாமல் படிமேல்வரை அடுக்கினார்கள். படியிறங்கும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துச் சாந்து பூசினார்கள். புதுச்சுவர் தனியாகத் தெரிந்ததால், அதன்மேல் தலைவரின் ஆளுயரப் படத்தை மாட்டினார்கள். வீடு போனது போதாதென்று சரக்கும் போயிற்று. ஷன்ஷல் வெறும் கடையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்ரியா என் வீட்டுக்கு வந்தாள். “உன் ஃபோன்ல மோசூலுக்குப் பேசணும், அக்காகிட்ட” என்றாள்.

எங்கள் தொலைபேசிகளை எங்கள் அரசாங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கம் கேட்பதை வானத்திலிருந்து அயல்நாட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது சந்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அரிசி விலையைக்கூட மறைத்து, பாடல் மாதிரிதான் பேசுவோம். பத்ரியா அன்று பாடவில்லை. ஒப்பாரியே வைத்தாள்.

“அக்கா, எல்லாக் கடுகும் போச்சுக்கா! பீப்பா பீப்பாயா உருட்டிட்டுப் போய்ட்டாங்க! தோழர் தியாப் வீட்டு நிலவறைல வச்சு, செங்கல் அடுக்கிப் பூசிட்டாங்க! மேல படத்த மாட்டிட்டாங்க! நாரத்தைச் சந்துல, நீல வாசல் வீடுக்கா!”

“அட, ஊறுகாக்குப் போடற கடுகுக்கா இந்த அழுகை?” என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்து பத்ரியாவுக்கு இருமல் வந்துவிட்டது, ‘ஊறுகாய்’ அதில் முழுகிப்போனது.

ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் ஈரமாகவே இல்லை.

“நான் ஒரு பொய் சொன்னேனா, உம்மு சினான்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப நிம்மதியாத் தூங்குவேன்” என்றாள்.

இதற்கிடையில் அம்பா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அடைத்துவைத்த அம்பா பொங்கும். ஒரு பீப்பாயின் மூடி கிளம்பியிருக்க வேண்டும். புதுச்சுவரின் சாந்து வழியாக மஞ்சள் கசியத் தொடங்கியது. முதலில் தலைவரின் பூட்ஸுக்குக் கீழே ஒரு திட்டு. பிறகு முழங்கால் உயரத்துக்கு. தியாபின் மனைவி காலையில் வெள்ளையடிப்பாள், மதியத்துக்குள் மஞ்சளாகிவிடும். வாசனை சந்து முனைவரை வந்தது. காவல்காரர்கள் ரொட்டியை வெறுமனே வைத்துக்கொண்டு, அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டே தின்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை வெள்ளை வண்டிகள் வந்தன. ஒத்திகை நாளே இல்லை. சந்து உண்மையாகவே திடுக்கிட்டது, அதனால் ஒருவருக்கும் சரியாகச் செய்ய வரவில்லை. பேக்கரிக்காரர் அழுதேவிட்டார்.

வந்தவர்களின் தலைவன் ஒரு நெட்டையன். காதில் பஞ்சு, கையில் உறை, முகத்தில் ஞானம். அவனுக்குப் பின்னால் மொழிபெயர்ப்பவன், அவனுக்குப் பின்னால் சிலர் குச்சிகளில் பஞ்சு சுற்றி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் குழாய்களில் போட்டார்கள். நாரத்தை மரத்தைத் தொட்டார்கள். காவல்காரனின் செருப்பைத் தொட்டார்கள். பின்னாலேயே படக்கருவிகளோடு உலகப் பத்திரிகைக்காரர் கூட்டம். டாக்டர் வாஸிக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

ஒத்திகையில் ‘மகிழ்ச்சியான அண்டைவீட்டார்’ என்று ஒரு பாத்திரம் இருந்தது. அது ஷன்ஷலுக்கும் பத்ரியாவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டைப் பறிகொடுத்தவர்களே மகிழ்ச்சியாக இருப்பது நன்றாக எடுபடும் என்பது டாக்டரின் எண்ணம். ஆகவே அவர்களையும் உள்ளே கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார்கள். பத்ரியா தன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். உதிர்ந்த காய்களைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள்.

கூடத்துக் கதவு விரியத் திறந்திருந்ததால் உள்சுவர் எனக்கும் தெரிந்தது. நெட்டையன் மோப்பம் பிடித்தபடி நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றான். தலைவர் இடுப்புவரை மஞ்சளில் நின்றார்.

“இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்” என்றான் மொழிபெயர்ப்பவன்.

“ஒன்றுமில்லை, நல்வரவு” என்றார்கள் அத்தனை பேரும்.

“படத்தைக் கழற்றச் சொல்கிறார்.”

தலைவரின் படத்தைக் கழற்றுவது துரோகம். அதற்குத் தூக்கு. கழற்ற மறுப்பது சோதனைக்குத் தடை. அதற்கு யுத்தம். டாக்டர் வாஸிக் மேலே இருந்த ஒருவருக்கு ஃபோன் செய்தார். அவர் தனக்கு மேலே இருந்தவருக்குச் செய்தார். படத்தில் இருப்பவரிடமே கேட்க வேண்டிய கேள்வி, கேட்கிற நாக்கு யாருக்கும் இல்லை. கீழே திரும்பி வந்த உத்தரவு இதுதான்: “கழற்றாமல் ஒத்துழையுங்கள்.”

நேரம் கடத்த வேண்டும். தியாப் காப்பி கொண்டுவரச் சொன்னார். நாரத்தை மரத்தடிப் பெஞ்சில் உட்காரவைத்து, முதல் கோப்பை நெட்டையனுக்கு. போன இடத்தில் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. நெட்டையன் மரியாதையாகத் தலையசைத்து, கோப்பையைக் குடிக்காமல் முன்னால் தரையில் வைத்தான்.

தியாபின் பின்னால் சித்தப்பா பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். அத்தனை கண்களும் தரையிலிருந்த கோப்பைக்குப் போய், அங்கிருந்து தியாபின் மீசைக்கு வந்தன. பாவம், அந்த மனிதருக்குப் பரம்பரை வந்துவிட்டது. கட்சி அவருக்குத் தலைவரைத் தெரிந்த நாளிலிருந்துதான். கோப்பையோ அவர் பிறந்ததிலிருந்தே.

“குடிங்க” என்று அவர் வாய் தானாகச் சொன்னது. “நீங்க கேட்டது கிடைக்கும்.”

மொழிபெயர்ப்பவன் அதை அப்படியே சொன்னான். நெட்டையனின் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரில் ஒரு கேள்விக்கு அவனுக்கு நேரான பதில் கிடைத்தது அதுதான் முதல்தடவை போலிருக்கிறது.

“நன்றி. அப்படியானால் சுவர்.”

கொடுத்த சொல்லை விழுங்க முடியாது, படத்தைத் தொடவும் முடியாது. தியாப் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

“தலைவருக்கு இங்க ஈரம் ஒத்துக்கலயே” என்று பத்ரியா நடுவில் வந்தாள். “பாருங்க, மீசைக்கே மஞ்சள் ஏறப்போகுது. யாருக்குமே அக்கறை இல்லயா? வெயில்ல கொஞ்சம் காய வைக்கிறேன்.” சட்டத்துக்கு முத்தம் கொடுத்து, படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வெயிலில் சுவரோரமாகச் சாத்தினாள். சாத்தும்போது முகம் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. வெயில் முதுகிலும் பட வேண்டுமில்லையா.

சுவரை இடித்தார்கள். முதல் செங்கல் விழுந்ததும் மஞ்சள் வெள்ளமாக வந்தது. பத்திரிகைக்காரர் கூட்டம் முகமூடி தேடி ஓடியது. நெட்டையன் மட்டும் நின்று, குச்சியைத் தோய்த்து, குழாயில் போட்டு, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணீர் விட்டான். “கடுகு இருக்கிறது” என்று அறிவித்தான். “பிறவும் இருக்கின்றன.”

“வெந்தயம்” என்றார் ஷன்ஷல், நல்லெண்ணத்தில்.

ஊறுகாய் என்று எல்லாருக்கும் மூக்கே சொன்னது. ஆனால் மூக்கை அறிக்கையில் சேர்க்க முடியாதாம். ஊறுகாய்தான் என்றால் ஏன் சுவர் வைத்தார்கள் என்று நெட்டையன் கேட்டான். டாக்டர் மறுபடியும் “ஒன்றுமில்லை, நல்வரவு” என்றார். ஆகவே ஆராய்ச்சி முடிவு வரும்வரை பீப்பாய்களுக்கு முத்திரை. நிலவறையில் ஒரு கண்காணிப்புக் கருவி. முத்திரை கலைந்தாலோ, சந்தேகப்படும்படி யாராவது உள்ளே வந்தாலோ அவர்கள் திரும்பி வருவார்கள், அடுத்தமுறை தனியாக வரமாட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த ஷன்ஷலிடம் அப்போதுதான் காப்பி வந்தது. மகிழ்ச்சியான அண்டைவீட்டாருக்கு உரிய கோப்பை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெட்டையனின் கோப்பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் கோப்பையைத் தியாபின் காலடியில் தரையில் வைத்தார்.

படக்கருவிகள் திரும்பின. சித்தப்பா பிள்ளைகளின் கழுத்துகளும்.

“எடுய்யா அதை” என்றார் தியாப் பல்லுக்கிடையில்.

ஷன்ஷல் எடுக்கவில்லை.

“இவர் ஏன் குடிக்கவில்லை?” என்று நெட்டையன் ஆர்வமாகக் கேட்டான். “இவருக்கும் ஏதாவது கிடைக்குமா?”

தியாப் படக்கருவிகளையும் சித்தப்பா பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “குடி... கேட்டது கிடைக்கும்.”

“என் வீடு” என்றார் ஷன்ஷல். சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தார். சூடு தாங்காமல் கண்ணில் நீர் வந்தது.

டாக்டர் வாஸிக் பாய்ந்து படக்கருவிகளுக்கும் தியாபுக்கும் நடுவில் நின்றார். “உலகம் பார்க்கட்டும்! எங்கள் நாட்டில் யாருடைய வீடும் பறிக்கப்படுவதில்லை. பறிக்காத வீட்டையும் கேட்டவுடன் திருப்பிக் கொடுக்கிறோம்!”

வெள்ளை வண்டிகள் சந்து முனை திரும்பின. தியாப் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நல்லா நடிச்ச ஷன்ஷல். சாயங்காலத்துக்குள்ள கடைக்குப் போயிடு. அந்தப் படத்தையும் மாட்டிட்டுப் போ.”

ஷன்ஷல் போகவே கிளம்பினார். பத்ரியா அவரைப் பெஞ்சில் பிடித்து உட்காரவைத்தாள்.

“தோழரே, கீழே அந்தக் கருவி முழிச்சிட்டிருக்கு. நீங்க கட்சி உடுப்போட இங்க நடமாடறதப் பார்த்தா என்னன்னு நினைக்கும்? கை தவறி ஒரு முத்திரை கிழிஞ்சா யார் பேரு மேல போகும்? எனக்குக் கை ரொம்பத் தவறும்.”

“என்னையே மிரட்டறியா?”

“ஐயையோ, நான் யாரு மிரட்ட? நீங்க மனமுவந்துதானே போறீங்க.”

மனமுவந்து போனார். கட்சி அலுவலகம் பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கு மாறியது. தியாப் குழந்தைகளின் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து சந்துக்காரர்களை ஆண்டார். மற்ற வீடுகளில் அவர் பழைய தியாப்தான். பேக்கரிக்காரரின் தம்பியை அதே மாதத்தில் கூட்டிக்கொண்டு போனார், அவன் இன்றுவரை திரும்பவில்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் கப்பல் நின்றதோ அந்த ஒரு கதவு மட்டும்தான் திறந்தது.

ஆனால் அந்த ஒரு கதவைப் பத்ரியா நன்றாக அனுபவித்தாள். தினமும் கண்காணிப்புக் கருவியைப் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பாள். தியாப் சந்தில் வந்தால் வாசலில் நின்று வழிமறிப்பாள். “கையில என்ன தோழரே, பையில? கடுகா?”

“தக்காளி.”

“தக்காளின்னு யாரு சொன்னா? அத்தாட்சி இருக்கா?”

தியாப் பையைத் திறந்து காட்டுவார். வேறு வழியில்லை, கீழே கருவி இருந்தது. மாடியிலிருந்து நான் கேட்பேன், “அடியில என்ன இருக்கு, அதையும் கொட்டிக் காட்டச் சொல்லு பத்ரியா!” தக்காளி சந்தெல்லாம் உருளும். ஆயுத ஆராய்ச்சியில் எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

மார்ச் மாதத்தில் வெள்ளை வண்டிக்காரர்கள் அவசரமாக ஊரைவிட்டுப் போனார்கள். கருவியைக் கழற்றக்கூட வரவில்லை. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வானத்திலிருந்து விழ வேண்டியதெல்லாம் விழுந்தது. சோதனைக்குச் சம்மதித்ததற்கும் விழுந்தது, சம்மதிக்காமலிருந்திருந்தாலும் விழுந்திருக்கும். என் சன்னலில் கண்ணாடி போயிற்று. பார்வை இன்னும் தெளிவாயிற்று. ஏப்ரலில் ஒருநாள் காலை, ஊர் முழுக்கத் தலைவரின் படங்களை மக்களே கழற்றினார்கள், யாரும் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. பிறகு கட்சி ஆட்களைத் தேடத் தொடங்கினார்கள்.

அன்று மதியம் தியாப் வந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மீசை இல்லை. மேலுதடு வெயில் படாத தோலாக வெளுத்திருந்தது. யாருடையதோ ஒரு அழுக்கு அங்கி. சித்தப்பா பிள்ளைகள் ஒருவரும் கூட இல்லை. நீல வாசலுக்குள் நழுவி, கதவைச் சாத்தி, நாரத்தை மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்தார். மரம் பூத்திருந்தது.

விருந்தாளி விருந்தாளிதான். பத்ரியா காப்பி கொண்டுவந்தாள்.

தியாப் வாங்கினார். குடிக்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தரையில் வைத்தார். கண் நிலவறைப் படிக்குப் போய் வந்தது.

“பையில என்ன?” என்றாள் பத்ரியா.

“ஒண்ணுமில்ல தாயி.”

“துப்பாக்கி?”

“இல்லவே இல்ல. சத்தியமா இல்ல.”

“இல்லங்கறதுக்கு அத்தாட்சி?”

அங்கியைத் தூக்கிக் காட்டினார். பையைக் கவிழ்த்தார். ஒரு சீப்பு விழுந்தது, மீசைச் சீப்பு. சந்து முனையில் ஆள்சத்தம் கேட்டது. பேக்கரிக்காரரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக.

“ஷன்ஷல்...” என்றார் தியாப். “ஆறிட்டிருக்கு.”

ஷன்ஷலின் வாயைப் பற்றி உங்களுக்கே தெரியும். அந்த மனிதர் நெஞ்சு இளகி முன்னால் சாய்ந்தார். “குடிங்க தோழரே, நீங்க...” என்று தொடங்கியும்விட்டார்.

பத்ரியா காப்பியோடு கொண்டுவந்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய துண்டு அம்பாவை எடுத்து அவர் வாய்க்குள் வைத்து அடைத்தாள். முத்திரை கிழித்து எடுத்த அந்த வருஷத்துச் சரக்கு, சுவருக்குள் இருந்து நன்றாகப் பொங்கியது. ஷன்ஷல் கண்ணீரோடு மென்றுகொண்டே இருந்தார். விழுங்குகிறவரைக்கும் பேச முடியாது, அவ்வளவு காரம். அதிலே நிறைய கடுகு.

பிறகு அவள் அங்கி ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போனாள். நீலக் கதவின் இரண்டு பக்கத்தையும் சுவரோடு சுவராக, அகலத் திறந்து வைத்தாள்.

“வாங்க, வாங்க!” என்று சந்துப் பக்கம் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். “விருந்தாளிங்க எல்லாரும் வாங்க!”

இந்தமுறை ஆமீன் சொல்ல வாசலில் யாரும் இல்லாததால் சன்னலிலிருந்து நானே சொன்னேன்.